சாகுபடிச் செலவும் கருவண்டும்

(திருமங்கலத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம்)



பூச்சியியல் படித்த ஒருவனை மேடையேற்றினால், பூச்சியை ஒழிப்பது எப்படி என்றுதான் பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். என் துறையின் பெரும்பகுதி அப்படித்தான் வளர்ந்தது. இன்று நான் பூச்சிக்குச் செலவழிப்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். திருமங்கலம் வட்டாரத்தில் ஒரு விவசாயி, தன் பயிரில் பூ பிஞ்சாகவும் பிஞ்சு காயாகவும் மாறுவதற்காகத் தேனீக்கும் வண்டுக்கும் எவ்வளவு பணம் செலவிடுகிறார்? இதுதான் என் கேள்வி.

"அதுக்கு என்னங்க செலவு, அது பாட்டுக்கு வருது, போகுது" என்பதுதான் வயலில் கிடைக்கும் பதில். அரசாங்கக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. 1970-71 முதல் நாடு முழுவதும் முக்கியப் பயிர்களின் சாகுபடிச் செலவைக் கணக்கெடுத்து வருகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பணியைச் செய்வது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் ஆணையம் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஆள் கூலி, மாட்டு உழைப்பு, இயந்திர வாடகை, விதை, உரம், தொழுவுரம், பூச்சிமருந்து, பாசனம், கைமுதலுக்கான வட்டி, நிலக் குத்தகை என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. மகரந்தச் சேர்க்கைக்கு மட்டும் இடம் இல்லை. இடம் இல்லாததால் செலவும் இல்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

என் கருத்து இதற்கு மாறானது. நம் விவசாயி மகரந்தச் சேர்க்கைக்காக இப்போதே கணிசமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பணம் கூலியாகவும், வளர்ச்சி ஊக்கியாகவும், கழிவாகப் போன காயாகவும் வேறு தலைப்புகளுக்குள் கரைந்துபோகிறது. அதைப் பிரித்து எடுத்து எழுதினால், அதில் ஒரு சிறு பங்கைக் கொண்டே வண்டும் தேனீயும் தங்கும் இடத்தைக் காப்பாற்றலாம் என்பது தெரியவரும். இதைச் சில கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. முதலில் எந்தப் பயிருக்குத் தேவை என்று பார்ப்போம்.

தேனீ இல்லாவிட்டால் உலகமே பட்டினியில் சாகும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. மிகைப்படுத்திச் சொன்னால் விவசாயி நம் பேச்சை நம்ப மாட்டார். 2007இல் அலெக்ஸாண்ட்ரா கிளைன் தலைமையிலான ஆய்வாளர்கள் உலகின் முதன்மையான 115 உணவுப் பயிர்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 87 பயிர்கள் ஏதோ ஓர் அளவில் பூச்சி, பறவை, வௌவால் போன்றவற்றின் உதவியால் காய்ப்பவை. ஆனால் உற்பத்தி எடையைக் கணக்கிட்டால் அந்தப் பயிர்களின் பங்கு 35 விழுக்காடுதான். நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் வண்டை எதிர்பார்ப்பதில்லை. வயிற்றை நிரப்பும் தானியம் வந்துவிடும். காய், பழம், எண்ணெய் வித்து ஆகியவற்றில்தான் அடி விழும்.

நம் வட்டாரத்துக்கே வருவோம். கண்மாய்ப் பாசனத்து நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கிறது. கரிசலில் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் காற்று போதும். பருத்தி பெரும்பாலும் தானே சேர்ந்துகொள்ளும். தேனீ வந்தால் காய் கொஞ்சம் கூடும், வராவிட்டால் மோசம் போகாது. மதுரை மல்லிக்கு எந்தப் பூச்சியும் தேவையில்லை. அதைப் பதியன் போட்டு வளர்க்கிறோம், விரியுமுன் மொட்டாகவே பறித்துவிடுகிறோம். ஆனால் மொட்டுப்புழுவுக்காக இந்தப் பக்கத்தில் அடிக்கடி மருந்தடிக்கப்படும் பயிர்களில் மல்லியும் ஒன்று. வண்டின் உதவி வேண்டாத ஒரு பயிர், பக்கத்து வயலுக்கு உதவும் வண்டைக் கொல்லுமிடத்தில் இருக்கிறது. அந்த இழப்பைப் பக்கத்து வயல்காரர் ஏற்கிறார். இது யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

தேவைப்படும் பயிர்கள் என்றால், சூரியகாந்தி, பந்தல் காய்கறி, முருங்கை, மா, கொத்தமல்லி, விதைக்கு விடும் வெங்காயம் ஆகியவற்றைச் சொல்லலாம். தென்னையும் இதில் சேரும். நெட்டை மரத்தில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் உதிர்ந்த பிறகுதான் அதே பாளையின் பெண் பூக்கள் ஏற்கும் நிலைக்கு வரும். அதனால் பெரும்பாலும் வேறு பாளையிலிருந்தோ வேறு மரத்திலிருந்தோதான் மகரந்தம் வர வேண்டும். காற்று கொஞ்சம் கொண்டுவரும், தேனீ மீதியைக் கொண்டுவரும்.

2. மறைந்திருக்கும் செலவு.

சூரியகாந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயிர் பெரிய அளவில் நம் நாட்டுக்கு வந்தது 1970களை ஒட்டி, ரஷ்ய ரகங்களின் வழியாக. அந்த ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்காதவை. தேனீ குறைந்த இடங்களில் பூ பெரிதாக இருக்கும், நடுவில் விதை இருக்காது. நகத்தால் கீறிப் பார்த்தால் தோல் மட்டும் இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. பொக்கு என்று தள்ளிவிடுவோம். இன்றைய வீரிய ஒட்டு ரகங்கள் ஓரளவு தாமாகவே விதை பிடிக்கின்றன. ஆனாலும் முழுமையாக நிரம்புவதற்குப் பிறர் உதவி வேண்டும். அதற்காக வேளாண் துறை சொல்லிவரும் பரிந்துரை இது: பூக்கும் பருவத்தில் ஒருநாள்விட்டு ஒருநாள், காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், மெல்லிய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பூவையும் மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஹெக்டேருக்கு ஐந்து தேனீப் பெட்டி வைக்க வேண்டும்.

துணி சுற்றிய கையோடு பெண்கள் வரிசையாகச் சூரியகாந்திக்குள் நடந்து போவதைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். கையில் மஞ்சள் பொடி அப்பும், கழுத்தில் சுணை குத்தும், வெயில் ஏறிக்கொண்டே இருக்கும். மகரந்தம் உலர்ந்து வீணாகுமுன் முடிக்க வேண்டும் என்பதால் நிற்கவும் முடியாது. தேனீ செய்யும் வேலையைத்தான் அவர்கள் செய்கிறார்கள். ஏக்கருக்கு இரண்டு பேர், ஐந்து காலை, அரைநாள் கூலி 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,000 ரூபாய். இந்த 2,000 ரூபாய் 'ஆள் கூலி' என்ற தலைப்பில் களையெடுப்போடு சேர்ந்துவிடுகிறது. இது மகரந்தச் சேர்க்கைச் செலவு என்று எங்கும் எழுதப்படுவதில்லை. கூலிக்கு ஆள் கிடைக்காமல் விட்டுவிடுபவர் வேறு விதமாகச் செலவழிக்கிறார். வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்து "எடை நிக்காதுண்ணே" என்று விலையைக் குறைப்பாரே, அதுவும் இதே செலவுதான்.

பந்தலில் நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. பாகல், பீர்க்கு, புடலை மூன்றிலும் ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூ அதிகம், பெண் பூ குறைவு. பெண் பூவைக் கூட்டுவதற்காகக் கொடி சிறிதாக இருக்கும்போதே எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியை வாரம் ஒருமுறை நான்கு தடவை தெளிக்கச் சொல்கிறோம். நல்ல பரிந்துரைதான், பலன் உண்டு. ஆனால் பெண் பூவைக் கூட்டிவிட்டு, அத்தனை பூவுக்கும் மகரந்தத்தை யார் கொண்டுவருவார் என்று நாம் கேட்பதில்லை. மகரந்தம் போதாத பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அரைகுறையாகக் கிடைத்த பிஞ்சு ஒரு முனை பருத்து மறுமுனை சூம்பிக் கோணலாக வளரும். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் அது கழிவு. பிஞ்சு உதிர்வதைப் பார்த்த விவசாயி உரக்கடைக்குப் போகிறார். கடைக்காரர் இன்னொரு ஊக்கியையும் ஒரு பூச்சிமருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார். அந்த மருந்து வந்துகொண்டிருந்த கொஞ்சம் தேனீயையும் விரட்டுகிறது. உதிர்வு கூடுகிறது. அடுத்த வாரம் மறுபடியும் கடைக்குப் போகிறார். பூ உதிர்வுக்கு நீர்க்குறை, வெயில், சத்துக்குறை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பூவில் பூச்சி வந்து உட்காருகிறதா என்று பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போகும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய என் போன்றவர்களும் அதில் அக்கறை காட்டவில்லை.

3. வெளிப்படையாகச் செலவழிப்பவர்கள்.

அமெரிக்காவில் வேளாண் துறையின் புள்ளிவிவரப் பிரிவு விவசாயியிடம் இதை நேரடியாகவே கேட்டு அச்சிட்டிருக்கிறது: எந்தப் பயிருக்கு எத்தனை பெட்டி வாடகைக்கு எடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்? அந்தச் செலவின் பெரும்பங்கு கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்குப் போகிறது. பிப்ரவரியில் பாதாம் பூக்கும்போது அந்த நாட்டின் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவை லாரிகளில் அங்கே வந்து சேரும். ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு பெட்டி, ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 200 டாலர் வாடகை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் தோட்டக்காரர்கள் பூக்கும் பருவத்துக்குப் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். அங்கே தோட்டக்காரர் தேனீ வளர்ப்பவருக்குப் பணம் கொடுக்கிறார். நம் பக்கத்தில் நான் பார்த்தவரை இது தலைகீழ். பெட்டிக்காரர்தான் தோப்புக்காரரிடம் அனுமதி கேட்டு, போகும்போது ஒரு பாட்டில் தேனும் கொடுத்துவிட்டுப் போகிறார். தென்னையும் மாவும் கூடுதலாகக் காய்த்தது யாரால் என்று இருவருமே கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொரு கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் நம் தமிழர் பலர் உழைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணெய்ப்பனை ஆப்பிரிக்க மரம். அங்கிருந்து மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை. அதனால் பல பத்தாண்டுகள் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய் பெண் குலைகளில் கையால் மகரந்தம் தூவினார்கள். கூலிச் செலவு பெரிதாக நின்றது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர், ஆப்பிரிக்காவில் இந்த வேலையைச் செய்வது காற்று அல்ல, ஒரு சிறு கூன்வண்டு என்று கண்டறிந்தார். கேமரூனிலிருந்து அதைக் கொண்டுவந்து 1981இல் மலேசியாவில் விட்டார்கள். குறுகிய காலத்தில் கைத்தூவல் தேவையற்றுப் போனது. 1985இல் அதே வண்டு கேரளத்துக்கும் வந்தது. வண்டு வருவதற்கு முன் மகரந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு செலவாகிறது என்று அந்தத் தோட்டங்களின் கணக்கேட்டில் தனியாக இருந்தது. அந்த எண் கண்முன் நின்றதால்தான் வண்டைத் தேடி ஆளனுப்பினார்கள்.

4. பெட்டி ஒன்றே போதுமா?

நம் அரசுகள் பெட்டிக்கு உதவுகின்றன. தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில், தேனீ வளர்ப்பு மூலம் மகரந்தச் சேர்க்கைக்குத் துணை என்று தனி இனமே இருந்தது. ஒரு தேனீக் குடும்பத்துக்கு 2,000 ரூபாய், ஒரு பெட்டிக்கு 2,000 ரூபாய் என்று செலவு கணக்கிட்டு, 40 விழுக்காடு மானியம் வைத்தார்கள். 2020இல் தேசிய தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தேனீ வளர்ப்பில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலமும் அல்ல. திருச்சியில் பாதிரியார் நியூட்டன் வடிவமைத்த பெட்டிதான் இன்றும் அவர் பெயரால் நிற்கிறது. மார்த்தாண்டத்தில் 1924இல் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய கிராம மேம்பாட்டுப் பணி தேனீ வளர்ப்பை ஒரு தொழிலாகவே நிலைநிறுத்தியது. சூரியகாந்திக்கும் தென்னைக்கும் கொத்தமல்லிக்கும் பெட்டி வைப்பது மிக நல்ல செலவு. நான் அதை ஆதரிக்கிறேன்.

ஆனால் இரண்டு காரணங்களால் பெட்டியோடு நின்றுவிடக் கூடாது. முதலாவது, ஒரே இனத்தை நம்பினால் ஒரே நோயில் எல்லாம் போகும். 1990களின் தொடக்கத்தில் தாய் சேக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பரவி, பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. தேனீ வளர்த்தவர்கள் பிழைப்பையே இழந்தார்கள். மேலும், நம் சமவெளியில் கோடையில் பூ வற்றிவிடும். பூ இல்லாத இடத்தில் தேனீக் குடும்பம் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். மானியத்தில் வாங்கிய பெட்டி எறும்பும் மெழுகுப்பூச்சியும் குடியேறிச் சும்மா கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெட்டியைக் கொடுத்தவர்கள், ஆண்டு முழுவதும் அதற்கு என்ன பூ கிடைக்கும் என்று கேட்கவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. எல்லாப் பூவையும் தேனீ திறக்க முடியாது. கத்தரிப் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஊதா இதழ்களின் நடுவே மஞ்சள் குழாய்கள் கூம்பாகச் சேர்ந்து நிற்கும். மகரந்தம் அந்தக் குழாய்களுக்குள் இருக்கிறது. வெளியே வர ஒவ்வொரு குழாயின் நுனியிலும் ஊசிமுனை அளவு துளை மட்டும்தான். பெட்டித் தேனீ அதில் உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாமல் போய்விடும். மரத்தில் துளையிட்டு வாழும் கருவண்டும் நீலப்பட்டை போட்ட காட்டுத் தேனீயும் வந்தால், குழாயைக் கால்களால் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறகை விரிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். 'ர்ர்ர்' என்று ஒரு கணம் ஒலி கேட்கும். உப்புக் குடுவையைத் தட்டினாற்போல மகரந்தம் துளைவழியே கொட்டும். தக்காளியும் இப்படித்தான். கத்தரியும் தக்காளியும் காற்றசைவில் தாமாகவும் காய் பிடிக்கும். ஆனால் இந்த அதிர்வு கிடைத்த பூவில் காய் பெரிதாகவும் விதை நிறைந்தும் வரும். ஐரோப்பியக் கண்ணாடிக்குடில்களில் 1980களின் இறுதிவரை மின்கருவியால் தக்காளிப் பூவை ஒவ்வொன்றாக அதிரச் செய்ய ஆள் வைத்திருந்தார்கள். பிறகு அதிரவைக்கத் தெரிந்த பம்பிள் தேனீயை வளர்த்து விற்கும் நிறுவனங்கள் தோன்றின. இன்று அந்த விவசாயிகள் அட்டைப்பெட்டியில் தேனீக் குடும்பத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் கருவண்டு நம் வயலுக்குக் காசில்லாமல் வருகிறது. அதேபோல மாவுக்கு வருவதும் பெரும்பாலும் தேனீ அல்ல, ஈக்கள். தைவானில் மா விவசாயிகள் தோப்பில் மீன் கழிவு வைத்து ஈயை வளர்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அது அவர்களுக்குச் செலவுக் கணக்கு.

2013இல் 'சயின்ஸ்' இதழில் லூகாஸ் கரிபால்டியும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட முடிவை இங்கே சொல்ல வேண்டும். உலகெங்கும் 41 பயிர்ச் சூழல்களில் 600 வயல்களைப் பார்த்தார்கள். காட்டுப் பூச்சிகளின் வருகை கூடிய எல்லாச் சூழல்களிலும் காய்ப்பிடிப்பு கூடியது. வளர்ப்புத் தேனீயின் வருகை கூடியபோது காய்ப்பிடிப்பு தெளிவாகக் கூடியது 14 விழுக்காடு சூழல்களில் மட்டுமே. பெட்டியில் அடைக்க முடியாத பூச்சிகளின் வேலையை வளர்ப்புத் தேனீயால் ஈடுசெய்ய முடியாது. நாம் அவற்றுக்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை.

5. கருவண்டின் வீடு.

முருங்கையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் பேசி முடிக்க முடியாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 செடிமுருங்கை தென்மாவட்டங்களின் வறண்ட நிலத்துக்கு வருமானம் தந்தது. முருங்கை ஏற்றுமதி மண்டலம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்த ஏழு மாவட்டங்களில் மதுரையும் உண்டு. முருங்கைப் பூவின் மகரந்தச் சேர்க்கையை ஆந்திரத்து ஆய்வாளர்கள் விசாகப்பட்டினத்தில் கவனித்து 1990இல் எழுதினார்கள். பூவின் அமைப்புக்குப் பொருந்தி, நம்பகமாக வேலை செய்வது கருவண்டு என்பது அவர்கள் கண்டது. பூவின் கீழ் இதழ் வண்டின் கனத்தில் தாழும். வண்டு தேனுக்காகத் தலையை நுழைக்கும்போது உடம்பு மகரந்தத்தில் உரசும். சிறிய தேனீ உட்கார்ந்தால் அந்த உரசல் முழுமையாக நடப்பதில்லை.

இந்தக் கருவண்டைப் பலரும் பார்த்து ஒதுங்குவார்கள். கட்டைவிரல் பருமன், கரிய உடம்பு, வெயிலில் நீலமாக மின்னும் இறகு, பெரிய ரீங்காரம். தானாக வந்து கொட்டாது. அது காய்ந்த மரத்தில், மூங்கில் கழியில், கத்தாழையின் உலர்ந்த பூத்தண்டில் துளை போட்டுக் குடியிருக்கும். பெண் வண்டு துளைக்குள் மகரந்தமும் தேனும் பிசைந்து உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் சுவர் எழுப்பி அடைக்கும். பிறகு அடுத்த அறை. ஒரு வண்டின் வாழ்நாளில் அறைகள் கொஞ்சம்தான். அதனால் ஒருமுறை அழிந்த இடத்தில் பெருக நாளாகும்.

நம் ஊரில் அந்த வீட்டுக்கு என்ன நடந்தது? முன்பு புன்செய்க்கு வேலி என்றால் கத்தாழை, கிளுவை, இலந்தை. இப்போது கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுக்கிறோம். வரப்பில் நின்ற பட்ட மரத்தை வெட்டி விறகாக்கினோம். பந்தலுக்கு மூங்கிலும் சவுக்கும் ஊன்றியது போய் சிமெண்டுத் தூணும் இரும்புக் கம்பியும் வந்தன. ஒவ்வொன்றும் விவசாயிக்கு நியாயமான காரணத்தோடு வந்தது, நான் குறை சொல்லவில்லை. எல்லாம் சேர்ந்து வண்டின் குடியிருப்பைக் குறைத்துவிட்டன. சீமைக் கருவேலமும் இதில் சேரும். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவை ஒட்டி அதை அகற்றும் வேலை தென்மாவட்டங்களில் வேகமாக நடந்தது. கண்மாயை அடைக்கும் அந்த மரத்தை அகற்றத்தான் வேண்டும். ஆனால் கோடையில் வேறு பூ இல்லாத காலத்தில் தேனீக்குச் சோறு போட்ட மரமும் அதுதான். அகற்றிய இடத்தில் புங்கம், வேம்பு, நாவல், இலந்தை, கரையோரத்தில் ஆவாரை என்று மாதத்துக்கு ஒன்றாகப் பூக்கும் மரத்தையும் செடியையும் வைக்காமல் வெறும் மண்ணாக விட்டுவிட்டோம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டச்செட் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே குதிரைமசாலை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அதன் பூவைத் திறக்கும் ஒரு காட்டுத் தேனீ உவர் மண்ணில் குழி தோண்டி வாழ்வது. அந்த விவசாயிகள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை அதற்கென்றே ஒதுக்கி, மண்ணில் உப்பிட்டு, ஈரம் காயாமல் அடியில் குழாய் பதித்துத் தண்ணீர் விட்டுப் பல பத்தாண்டுகளாகப் பராமரிக்கிறார்கள். தேனீ பறக்கும் பருவத்தில் அந்தச் சாலைகளில் வண்டிகள் மணிக்கு 20 மைலுக்குமேல் போகக் கூடாது. பயிர் செய்யாமல் விட்ட நிலம், உப்பு, குழாய், தண்ணீர் எல்லாம் அவர்களுக்குச் சாகுபடிச் செலவு. விதை மகசூலில் அது திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். நமக்கு அவ்வளவு கூட வேண்டாம். வேலி மூலையில் ஒரு காய்ந்த வாதநாராயணன் கட்டையும் பத்துக் கத்தாழையும் கிடந்தால் கருவண்டுக்குப் போதும்.

6. மருந்தடிக்கும் நேரம்.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமான செலவு இதுதான், செய்யத்தக்க செலவும் இதுதான். தேனீ வேலை செய்யும் காலை நேரத்தில் பூத்த பயிருக்கு மருந்தடிக்கக் கூடாது, மாலையில் அடியுங்கள் என்று எல்லாக் கையேடும் சொல்கிறது. ஏன் நடக்கவில்லை? மருந்தடிக்கிற ஆள் டேங்குக் கணக்கில் கூலி வாங்குபவர். விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் நாலு வயலை முடிக்கப் பார்ப்பார். மாலையில் ஒரு வயலுக்காகத் திரும்ப வாருங்கள் என்றால் கூடுதலாகக் கேட்பார், கேட்பது நியாயமும்கூட. டேங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதுதான் விவசாயி தேனீக்காகச் செய்யக்கூடிய மிக நேரடியான செலவு. அதற்கு மானியம் கிடையாது, பரிந்துரையும் கிடையாது. கையேட்டில் 'மாலையில் அடிக்கவும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அந்த வரிக்கு ஆகும் பணத்தை விவசாயி தலையில் விட்டுவிட்டோம்.

பந்தல்காரர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை. பாகல் காலையில் பூக்கும், அதற்கு மாலைத் தெளிப்பு சரி. பீர்க்கும் புடலையும் பொழுது சாயும்போது மலர்பவை. அவற்றைத் தேடி அந்திப்பூச்சிகள் வரும். அவற்றுக்கு மாலையில் அடித்தால் வேலைக்காரனையே கொல்வதாகும். பயிரைப் பார்த்து நேரத்தை மாற்ற வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். சாகுபடிச் செலவுப் படிவத்தில் மகரந்தச் சேர்க்கை என்று ஒரு தலைப்புச் சேர்க்க வேண்டும். கைத்தேய்ப்புக் கூலி, பெட்டி வாங்கிய அல்லது வாடகைக்கு எடுத்த செலவு, தெளிப்பு நேரத்தை மாற்றக் கொடுத்த கூடுதல் கூலி, ஓரப்பயிராக விதைத்த தட்டைப்பயறு, கொத்தமல்லி விதை, வேலியோரம் பயிரிடாமல் விட்ட சென்ட் நிலம் ஆகியவற்றை அதன்கீழ் எழுத வேண்டும். விலையைப் பரிந்துரைப்பவர்கள் கண்ணில் அது படட்டும்.

படிவம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே இருக்கும் மாணவர்கள் இந்தப் பருவத்திலேயே ஒரு வேலை செய்யலாம். வட்டாரத்தில் ஐந்து முருங்கைத் தோட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். மருந்து அதிகம் அடிக்கும் மல்லிக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கட்டும், இரண்டு பழைய வேலியும் பட்ட மரமும் உள்ள புன்செய் ஓரத்தில் இருக்கட்டும், ஒன்று தேனீப் பெட்டி வைத்த தோப்பில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பத்து மரம். மரத்துக்கு இரண்டு பூங்கொத்து, மொட்டாக இருக்கும்போதே கொசுவலைத் துணியால் பை தைத்துக் கட்டிவிடுங்கள். பக்கத்தில் இரண்டு கொத்தைத் திறந்தே விட்டு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை திறந்த கொத்துக்கு எத்தனை கருவண்டு, எத்தனை தேனீ வந்தது என்று எண்ணுங்கள். மூன்று வாரம் கழித்துப் பிஞ்சுகளை எண்ணுங்கள். தோட்டக்காரரிடம் அன்றைய காய் விலையைக் கேட்டு, பை கட்டியதற்கும் கட்டாததற்கும் உள்ள வித்தியாசத்தை ரூபாயாக மாற்றி, அவர் கையிலேயே அந்தத் தாளைக் கொடுங்கள்.